தொப்பி போட்ட கருவாடு

கடந்த நத்தாருக்கு, என்னோடு வேலை செய்யும் நோர்வேப் பெண்மணி ஒருவர் சட்டமிட்ட சித்திரம் ஒன்றைப் பரிசளித்தார். நாங்கள் வாழும் நோர்வேயின் பேர்கன் நகரத்தை ஒரு குழப்படிக்காரப் பிள்ளை வரைந்தது போலிருந்தது. பிரிக்கன் துறைமுகத்து மரவீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து உறங்குகின்றன. ஃபுளோயன் மலையேறும் சிறு ரயிலுக்கு மூச்சு வாங்குகிறது. நடுவில் வாலில் கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்கும் மீன் ஒன்று, தொப்பி விழாமல் சிரிக்கிறது.

"இது காயவைத்த கொட் மீன். இந்த நகரத்தை வளர்த்ததே இதுதான்" என்றார் அவர், பெருமையாக.

கருவாடு! நாங்கள் இங்கு வந்த முதல் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசைக்கு நாலு துண்டு கருவாடு பொரித்ததற்கு, "இனங்காண முடியாத மணம்" பற்றி அடுக்குமாடி நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. அன்று தொடங்கி, கள்ளச்சாராயம் காய்ச்சுபவர்களைப் போல யன்னலைச் சாத்திக்கொண்டுதான் பொரிக்கிறோம். ஆனால் 1360 அளவில் ஹன்சா என்ற கூட்டமைப்பைச் சேர்ந்த ஜெர்மானிய வணிகர்கள் இங்கே கடை விரித்ததும், வடநோர்வே மீனவர்கள் காற்றில் உலர்த்தி அனுப்பிய மீனுக்குத் தானியம் கொடுத்ததும், அந்தச் சரக்கை அடுக்கிய பிரிக்கன் 1979இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியதும் எல்லாம் கருவாட்டுக் கதைதானே? ஒரே வித்தியாசம், அவர்கள் அதற்கு உப்புப் போடுவதில்லை.

பதினெட்டு வருடங்களில் நானும் பேர்கன்காரனாகிவிட்டேன் என்றே சொல்லிக்கொள்வேன். மழையைப் பற்றி முறையிடுவதைக்கூட விட்டுவிட்டேன். ஆனாலும் மழை இருட்டும்போதெல்லாம், முற்றத்துப் பாயில் காயும் கருவாட்டைக் கடகத்தில் அள்ளிக்கொண்டு ஓடும் அப்பம்மாவின் சத்தம் எனக்குக் கேட்கிறது. இங்கே வருடத்தில் இருநூறு நாட்களுக்கு மேல் மழை.

படத்தைச் சுவரில் மாட்டியதும் மகள் கேட்டாள்: "அப்பா, யாழ்ப்பாணத்துக்கு இப்பிடி ஒண்டு இல்லையோ?"

அன்று மாலையே மேசையில் தாளை விரித்தோம். கோட்டை ஐங்கோணம் என்பதால் அதைப் பண்ணைக் கடலோரம் கரையொதுங்கிய நட்சத்திர மீனாக்கினாள். வேல்ஸ் இளவரசரின் 1875ஆம் ஆண்டு வருகைக்காக எழுப்பிய மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு மூக்குக்கண்ணாடி மாட்டினோம். பனைகளுக்குத் தலை வாரவில்லை. வாழைக்குலையும் ஆடும் சனமும் ஏற்றிக்கொண்டு தட்டிவான் நல்லூர்ப் பக்கம் போனது.

நூலகம் வந்தது. வெள்ளைக் குவிமாடத்தை நானே கவனமாக வரைந்தேன். "புத்தகங்களுக்குச் செட்டை வைச்சுப் பறக்க விடுவம்" என்றாள் மகள். என் கை நின்றுவிட்டது. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு அந்த நூலகம் எரிக்கப்பட்டபோது, கருகிய தாள்கள் எங்கள் வளவு வரை பறந்து வந்ததாக அம்மா சொல்லுவார். 1702இல் பேர்கனின் பெரும்பகுதியும் எரிந்ததுதான். பரிசுப் படத்தின் மூலையில் ஒரு பூனை தண்ணீர் வாளியோடு ஓடுகிறது. அந்தப் பூனையை வரைய அவர்களுக்கு முந்நூறு வருட அவகாசம் இருந்திருக்கிறது. எனக்கு அம்மா இன்னும் தொலைபேசியில் இருக்கிறார்.

மகள் காத்திருக்கவில்லை. நான் நிமிர்ந்தபோது பதினைந்து புத்தகங்கள் செட்டையடித்துக்கொண்டிருந்தன. ஒன்று தட்டிவான் கூரையில் இளைப்பாறியது. அழிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் ஒரு கருவாட்டைத் தொங்கவிடச் சொன்னேன்.

"தொப்பி போடட்டோ?"

"உப்புப் போடு, பிள்ளை."

வெள்ளைப் பென்சிலால் மீன்மேல் புள்ளிகளைத் தூவினாள். கைமீறித் தட்டிவான், பனை, கோட்டை எல்லாவற்றிலும் விழுந்தன. பார்த்தால் யாழ்ப்பாணத்தில் பனி கொட்டுவது போலவே இருந்தது.