லீ என்ற பெயருக்குள் ஒரு மலைச்சரிவு

என் மனைவியின் கொள்ளுத்தாத்தா ஓலெவின் ஞானஸ்நானப் பதிவு, மூன்று ஆண்டுத் தேடலுக்குப் பிறகு, சென்ற ஞாயிறு இரவு அகப்பட்டது. மினசோட்டாவில் அந்தக் குடும்பத்தின் பெயர் லீ. அவர் நார்வேயின் வால்த்ரஸ் பள்ளத்தாக்கிலிருந்து 1881-இல் வந்தவர் என்று இங்குள்ள லூத்தரன் சபைப் பதிவேட்டிலேயே எழுதியிருந்ததால், வேலை எளிதில் முடிந்துவிடும் என்று நம்பித் தொடங்கினேன்.

நியூயார்க் துறைமுகத்தின் குடியேற்ற நிலையமான எல்லிஸ் தீவில் ஓர் அதிகாரி பெயரை மாற்றிவிட்டார் என்று என் மாமியார் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த நிலையம் திறக்கப்பட்டதே 1892-இல்தான். அங்கிருந்தவர்களும் கப்பல் நிறுவனம் கொடுத்த பயணிகள் பட்டியலைச் சரிபார்த்தார்களே தவிர, யாருக்கும் பெயர் சூட்டவில்லை. மாற்றியவர் ஓலெவேதான். மினசோட்டாவின் 1885 மாநிலக் கணக்கெடுப்பில் அவர் ஜான்சன், 1895-இல் லீ. தந்தை யோஹன்னஸ் என்பதால் ஊரில் யோஹன்னசென் என்றிருந்தவர் இங்கே ஜான்சன் ஆனார். சுற்றிலும் இருந்த ஜான்சன்களுக்கு நடுவே கடிதம் வழிதவறிப் போவது பொறுக்காமல் ஊரில் குடியிருந்த பண்ணையின் பெயரை எடுத்துக்கொண்டார் என்பது என் ஊகம். விசாப் படிவத்தின் புண்ணியத்தால் அலுவலகம் முழுவதும் என் அப்பாவின் பெயரால் அழைக்கப்படும் எனக்கு, இந்த யோஹன்னசென் விவகாரத்தில் வியக்க ஒன்றும் இல்லை.

பண்ணையின் பெயரும் லீதான். நார்வேஜிய மொழியில் மலைச்சரிவு என்று பொருள். எழுதும்போது எல், ஐ, ஈ என்று மூன்று எழுத்து. ஆங்கிலம் அறிந்தவர் அதைப் ‘பொய்’ என்று படித்துவிடுவார் என்பதால் நடு எழுத்தை மாற்றி இரண்டு ஈ போட்டிருக்கிறார்கள். தமிழில் எழுதினால் பழையதும் புதியதும் ஒன்றே. மலைச்சரிவுக்குப் பஞ்சமில்லாத நாட்டில் லீக்களுக்கும் பஞ்சமில்லை.

என்னை மூன்று ஆண்டுகள் நிறுத்தி வைத்தது ஓர் எழுத்து. நார்வே ஆவணக் காப்பகத்தின் டிஜிட்டல் தளத்தில் திருச்சபைப் பதிவேடுகளின் படங்கள் எல்லாம் இலவசம். ஆனால் அவற்றுக்கான பெயர்ப் பட்டியலை நான் காசு கட்டிச் சேர்ந்த வேறொரு சந்தாத் தளத்தில்தான் தேடிக்கொண்டிருந்தேன். அங்கே 1873-ஆம் ஆண்டின் திடப்படுத்தல் பதிவில் (ஞானஸ்நானம் பெற்றவர் பதின்ம வயதில் தன் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு அது) ஒரு ஓலெ யோஹன்னசென் ‘லீயென்’ பண்ணையைச் சேர்ந்தவராக இருந்தார். லீயென் என்றும் பண்ணைகள் உண்டு என்பதால் அவரை வேறு ஆள் என்று தள்ளிவிட்டேன். படத்தைத் திறந்து பார்க்கத் தோன்றாதது என் தவறு. அக்காலப் பதிவேடுகளின் பழைய பாணியான கோத்திக் கையெழுத்தில் ‘ஈ’ என்பது நம் கண்ணுக்கு ‘என்’ போலவே, மேலும் கீழுமாக இரண்டு கோடுகளாக இருக்கும். அந்தப் போதகர் வரியின் முடிவில் பேனாவை இழுத்துவிடும் வழக்கம் உடையவர். பட்டியலிட்டவர் அந்த இழுப்பையும் ஓர் எழுத்தாக எண்ணிவிட்டார். அதே போதகரின் கையில் ஐயமற்ற சொற்களாக நாற்பதைத் தேடி எடுத்து, சொல்லின் கடைசி ‘ஈ’ எப்படி முடிகிறது என்று ஒரு தாளில் வரைந்து ஒப்பிட்ட பிறகே எனக்கு உறுதியானது. கையெழுத்து வழிகாட்டி அட்டவணைகள் தொடக்கத்துக்கு உதவும். அதற்குமேல் அந்தந்தப் போதகரின் கையைத்தான் படிக்க வேண்டும்.

திடப்படுத்தல் பதிவில் பிறந்த நாள் இருந்தது: 1858. ஆனால் அந்த ஆண்டின் ஞானஸ்நானப் பக்கங்களில் லீ பண்ணையில் எந்த ஓலெவும் இல்லை. பண்ணைப் பெயர் அங்கே முகவரி. குடி மாறினால் பெயரும் மாறும். எல்லாக் குடும்பங்களும் நிலையான குடும்பப் பெயர் கொள்ள வேண்டும் என்று நார்வேயில் சட்டம் வந்தது 1923-இல்தான். எனவே பண்ணையை விட்டுவிட்டுத் தேதியையும் பெற்றோரையும் வைத்து வரிவரியாகப் பார்த்தபோது, பாக்கன் என்ற இடத்தின் பேரில் அவர் இருந்தார். 1865 கணக்கெடுப்பைத் திறந்தால், தந்தை அதற்குள் லீயில் ‘ஹுஸ்மன்’. அதாவது பண்ணைக்காரருக்கு உழைத்துக் கொடுத்து, அதற்கு ஈடாக ஒரு குடிசையும் துண்டு நிலமும் அனுபவித்தவர். லீ பண்ணையின் சொந்தக்காரர்கள் நாங்கள் என்று நினைத்திருந்த என் மாமியாரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

கோடை விடுமுறையில் கிராண்ட் ஃபோர்க்ஸுக்குப் போக எண்ணம்; வடக்கு டகோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் நார்வேயின் வட்டாரப் பண்ணை வரலாற்று நூல்கள் பெரிய தொகுப்பாக இருக்கின்றன. 1899-இல் மினியாபோலிஸில் தொடங்கிய வால்த்ரஸ் வழியினரின் சங்கத்துக்கும் எழுத வேண்டும். கிறிஸ்தியானியா (இன்றைய ஓஸ்லோ) காவல்துறை வைத்திருந்த, நாட்டை விட்டுப் புறப்பட்டோர் பதிவேட்டையும் இன்னும் பார்க்கவில்லை.

அதற்கெல்லாம் முன்பு, ஞானஸ்நான வரியில் ஐந்து ஞானப்பெற்றோரின் பெயர்கள் பண்ணையோடு எழுதப்பட்டிருக்கின்றன. நால்வரைப் படித்துவிட்டேன், இருவர் பாக்கன்காரர்கள். மூன்றாவது பெயரின் மேல் மை சிந்தியிருக்கிறது. அடியில் தெரியும் வளைவு ‘ஹெச்’சா, நீண்ட ‘எஸ்’ஸா என்று நேற்று நள்ளிரவு வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.