ஓடுற கடிகாரம்

"ஓடிக்கிட்டுத்தானே இருக்கு தம்பி, எதுக்குப் பிரிக்கணும்?"

எண்ணெய் விடக் கடிகாரம் கொண்டுவந்த முத்தியால்பேட்டைப் பெரியவர், பழுது பார்க்கிற என்னிடம் கேட்ட இந்தக் கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்லியாகிவிட்டது. சொன்னதில் தொழில்படி ஒரு பிசகும் கிடையாது. ஆனால் அது அவர் கேட்டதற்கான பதில்தானா என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

கடிகாரம் ஜங்ஹான்ஸ், ஜெர்மன் கம்பெனி. பின்பிளேட்டில் எட்டு முனை நட்சத்திரம், நடுவில் ‘ஜே’. எட்டு நாள் சாவி, அரை மணிக்கு ஒரு அடி, முழு மணிக்குக் கணக்குப்படி. எண்ணெய் மட்டும் விட்டுத் தரச் சொன்னார். பேச்சோடு பேச்சாக, ஞாயிற்றுக்கிழமையும் புதன்கிழமையும் சாவி கொடுப்பதாகச் சொன்னார். அங்கேதான் விஷயம் இருக்கிறது. எட்டு நாள் கடிகாரத்துக்கு வாரம் ஒரு முறை சாவி, ஒரு நாள் கைவசம். நாலாம் நாளே நிற்கிறது என்றால் சாவியில் முறுக்கேறும் சுருள்வில் கொடுக்கிற விசை வழியிலேயே தின்னப்படுகிறது. மேல்பாதி முறுக்கில் இருக்கும்போது மட்டும் பெண்டுலத்தைத் தள்ளிவிடும் கடைசிச் சக்கரமான எஸ்கேப் சக்கரம் வரை போய்ச் சேருகிறது.

எங்கே தின்கிறது என்று பார்க்க டயலைக் கழற்றினால் போதும். முதல் சக்கரத்தை விரலால் முன்னும் பின்னும் லேசாக அசைத்து, மற்ற அச்சுமுனைகளை, அதாவது பிவட்டுகளை, ஒவ்வொன்றாகக் கவனிக்க வேண்டும். பிளேட்டில் பிவட் உட்காரும் ஓட்டை நல்லதாக இருந்தால் அது இருந்த இடத்திலேயே சுழலும். தேய்ந்த ஓட்டையில் பக்கவாட்டில் தாவும். இதில் இரண்டாம் சக்கரத்தின் பின்பக்க பிவட் கண்ணுக்குத் தெரியத் தாவியது. பெரும்பாலும் அங்கேதான் முதலில் தேயும். வில்லுக்குப் பக்கத்தில் இருப்பதால் அழுத்தம் அதிகம். ஓட்டை வட்டமாகப் பெரிதாவதில்லை, தள்ளுகிற திசையில் முட்டை மாதிரி நீளும். சக்கரமும் அதோடு பல் கோக்கும் சின்னப் பல்லுருளையான பினியனும் அவ்வளவு தூரம் விலகிப்போவதால் பற்கள் நுனியில் உரசும். முன்பு யாரோ அந்த ஓட்டையைச் சுற்றிப் பஞ்ச் வைத்துத் தட்டி இறுக்கியிருந்தார்கள். அந்த வைத்தியம் சில வருஷம்தான் தாங்கும். பிளேட்டில் அந்தப் பள்ளங்கள் மட்டும் நிரந்தரம்.

பெரியவருக்குச் சொன்னது இது: "ஐயா, பழைய எண்ணெயில தூசி கலந்து களிம்பாயிருக்கு. அது மேல புது எண்ணெய் விட்டா, இறுகிக் கிடக்கிற பொடி கரைஞ்சு மறுபடி ஓட்டைக்குள்ள போகும். கொஞ்ச நாள் ஜோரா ஓடும், அப்புறம் முன்னைவிட வேகமா தேயும்."

இது உண்மை. பித்தளை மெது, எஃகு கடினம். தேய்வது பித்தளைதான் என்றுதான் தோன்றும். ஆனால் பொடி மெதுவான பித்தளையில் பதிந்து உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்தபடியே எஃகு பிவட்டையும் உப்புத்தாள் போலச் சுரண்டும். இரண்டுமே போகும். வீட்டில் தேங்காயெண்ணெய் விட்டிருந்தால் இன்னும் மோசம்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "வாரத்துல ரெண்டு தடவை சாவி கொடுக்கிறதைத் தவிர எனக்கு வேற என்ன வேலை இருக்கு?" என்றார்.

இதற்கு என்ன சொல்வது? எது பழுதின் அடையாளம் என்று காட்டினேனோ, அது அவருக்கு அந்தக் கிழமைகளின் வேலை.

சரி, பிரித்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சுத்தம் செய்து பூட்டியதும் கடிகாரம் நின்றுபோக நிறைய வாய்ப்பு உண்டு. வெளியாட்களுக்கு இது புரியாது. பழைய எண்ணெயின் கெட்டியான பிசின், தேய்ந்த ஓட்டையில் பிவட் ஆடாமல் ஓரளவு பிடித்து வைத்திருக்கும். பிசினைக் கழுவிவிட்டால் தேய்மானம் முழுசாக வெளியே வரும். எண்ணெய்க்கு வந்த கடிகாரம், தேய்ந்த ஓட்டையில் புஷ், அதாவது புதுப் பித்தளை வளையம், போடாமல் ஓடாது என்று ஆகிவிடும். "ஓடிக்கிட்டிருந்ததைக் கெடுத்துட்டீங்க" என்று கேட்டால், அவர் கண்ணால் கண்டது அதுதானே.

முழு வேலை சின்ன வேலையும் இல்லை. முதலில் ஓட்டத்துக்கும் மணி அடிப்பதற்குமான இரண்டு வில்லையும் தளர்த்த வேண்டும். சாவியை இறுகப் பிடித்து, வில் திரும்பாமல் தடுக்கும் கொக்கியான கிளிக்கை விலக்கி, பிடி நழுவாமல் உள்ளங்கைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழலவிட வேண்டும். முறுக்கோடு பிளேட்டைத் திறந்தால் சக்கரப் பல்லோ விரலோ போகும். பிறகு பிவட்டில் வரி விழுந்திருந்தால் மெருகேற்ற வேண்டும். அதன்பின் அந்தக் கனத்துக்குத் தகுந்த புஷ். நீண்டுபோன ஓட்டையில், துளையை அகலப்படுத்தும் ரீமரை நேரே விட்டால் அது தேய்ந்த பக்கமாகவே ஓடி மையம் தவறிவிடும். தேயாத பக்கத்தையும் ஊசி அரத்தால் அதே அளவு அராவி, ஓட்டையை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகே ரீமர். புஷ்ஷை உள்பக்கத்திலிருந்து இறக்கிச் சமமாக்க வேண்டும். சக்கரத்தை அந்த ஒற்றை ஓட்டையில் நிறுத்தினால் எல்லாப் பக்கமும் 5 டிகிரி அளவு சாய வேண்டும். ஒட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றால் இறுக்கம், ஓடாது.

அதிலும் ஆபத்து உண்டு. பித்தளையை அம்மோனியா கலந்த கரைசலில் கால் மணி நேரம் போட்டு எடுப்போம். மறந்து ராத்திரி முழுக்க ஊறவிட்டால் பித்தளையில் விரிசல் விழக்கூடும். பிரிட்டிஷ் காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தானாக விரிசல் விட்டதும் இதே அம்மோனியாவால்தான். (புளி போட்டுத் தேய்க்கிறவர்களும் இருக்கிறார்கள். குத்துவிளக்குக்குச் சரி, பிளேட்டுக்கு வேண்டாம். ஓட்டைக்குள் தங்கும் புளிப்பு பிவட்டைத் துருவாக்கும்.) நம் ஊர் உப்புக்காற்றில் இருந்த பழைய வில்லில் துருப்பள்ளங்கள் இருக்கும். கழற்றி மாட்டி முழு முறுக்கு கொடுக்கும்போது அந்தப் பள்ளத்தில் உடைந்தால், அந்த அதிர்ச்சியில் அடுத்த பினியனும் கிளிக்கும் வளையும். மணி அடிக்கும் பக்கத்தைப் பூட்டுகையில், அதன் சக்கர வரிசை பூட்டி நிற்கிற நேரத்தில் சுத்தியல் வால், அதைத் தூக்கும் ஆணியின் மேல் ஏறியிருக்கக் கூடாது. இருந்தால் மறுபடி பிளேட்டைத் திறக்க வேண்டும்.

ஆக, பிரிக்க வேண்டாம் என்ற அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது, காரணம் அவருக்குத் தெரியாவிட்டாலும். இப்படி நினைப்பது வேலையைத் தட்டிக்கழித்ததற்குச் சொல்லும் சமாதானமோ என்றும் படுகிறது. இந்த மெஷினில் ஏழெட்டு புஷ்ஷும் ஒரு சுத்தமும் போதும், இன்னொரு தலைமுறைக்கு ஓடும். அவருக்குப் பிறகு வீட்டில் யார் வாரம் இரண்டு முறை சாவி கொடுக்கப் போகிறார்கள்?

செய்தது பாதி வேலை. மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்து, வில்களைத் தளர்த்தி, மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி ஒயிட் பெட்ரோலில் தோய்த்து ஒவ்வொரு ஓட்டையையும் வெளிப்பக்கமிருந்து திருகி எடுத்தது. குச்சி கறுப்பில்லாமல் வரும்வரை. இரண்டு பிளேட்டுக்கும் நடுவில் இருப்பது இப்படி வராது, அது அங்கேயேதான் இருக்கிறது. பிறகு எண்ணெய்க்குழி பாதி நிறையும் அளவு கடிகார எண்ணெய், எஸ்கேப் சக்கரத்தைப் பிடித்துவிடும் பாலட் முகங்களில் தொட்டும் தொடாமலும். பற்களில் எண்ணெய் கிடையாது. டிக்கும் டாக்கும் சமமாக வரும்வரை பெண்டுலத்தைத் தள்ளும் கம்பியான கிரட்சை வளைத்து, பெண்டுலம் திருகைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தது. அதன் நீளம் 25 செ.மீ. அளவு, ஒரு மில்லிமீட்டர் மாறினாலே நாளைக்கு மூன்று நிமிஷம் கிட்டத்தட்ட வித்தியாசம் வந்துவிடும், அதனால் அரைத் திருகு அரைத் திருகாகத்தான்.

முழுசாகப் பிரிக்கிறவர்கள் பிளேட்டின் உள்பக்கத்தில் தேதி கீறி வைப்பது வழக்கம், அடுத்து திறக்கிறவருக்குத் தெரிய. பிரிக்காததால் கீற இடமில்லை. ரசீதில் எழுதினேன்: "எண்ணெய் மட்டும். பிரிக்கவில்லை. 2-ம் சக்கரம் பின் ஓட்டை தேய்ந்துள்ளது." அதையே பெட்டிக் கதவின் உட்புறம் பென்சிலிலும். யாருக்காக எழுதியது, அடுத்தவருக்கா, நாளைக்குப் பேச்சு வந்தால் காட்டவா, இரண்டும் இருக்கலாம்.

எடுத்துப்போக மகன் வந்திருந்தார். ரசீதைப் படித்துவிட்டு, "அப்போ இது நல்லா இருக்குங்களா, கெட்டுப் போயிருக்குங்களா?" என்று கேட்டார்.

"ஆறு நாள் ஓடுதுங்க" என்றேன். அப்பா எப்போதும்போல ஞாயிறும் புதனும் கொடுக்கட்டும் என்றும் சொல்லி அனுப்பினேன்.