ஒயருக்குள் பச்சைக் களிம்பு: படகு வேலை, இதுவரை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கே அசையாத என் பதினாறு அடி பாய்மரப் படகு, போன ஐப்பசியில் ஒரு சாதாரண மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர் குடித்துவிட்டது. எண்ணூர் முகத்துவாரத்தில் கட்டியிருந்தேன். தார்ப்பாய் கிழிந்து, மழையோடு அலையும் உள்ளே ஏறியிருக்கிறது. உப்பா என்று நாக்கில் வைத்துப் பார்க்கும் துணிச்சல் வரவில்லை. எண்ணூர்த் தண்ணீர் ஆயிற்றே.

முதலில் படகின் மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விட்டேன். ஆசிட் பேட்டரிக்குள் உப்புத் தண்ணீர் போனால் குளோரின் வாயு வரும். அப்புறம்தான் கையை விட்டு பேட்டரியைக் கழற்றினேன். அது நேரே காயலான் கடைக்கு.

வயர்லெஸ், கடல் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்து, கேன் தண்ணீரில் கழுவினேன். "நனைஞ்சத மறுபடியும் நனைக்கிறியாடா?" என்று சிரித்த அத்தை, அரிசிப் பானைக்குள் புதைக்கச் சொன்னார். அரிசி உப்பை எடுக்காது. உப்பு சர்க்யூட் போர்டிலேயே தங்கினால், சென்னைக் காற்றின் ஈரத்தை இழுத்து இழுத்துச் செம்பை அரித்துக்கொண்டே இருக்கும். எனவே நல்ல தண்ணீர், பிறகு டிஸ்டில்டு வாட்டர், கடைசியாக ரிச்சி தெருவில் வாங்கிய ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்ப்பு. மூன்று நாள் ஃபேன் காற்று. ஒரு ஆம்பியர் ஃபியூஸ் போட்டு மின்சாரம் கொடுத்ததும் வயர்லெஸ்ஸில், படகுகள் ஒன்றையொன்று கூப்பிடும் 16ஆம் சேனலில் பேச்சுச் சத்தம் கேட்டது. எக்கோ சவுண்டர் போயேபோச்சு. ஐசி சிப்பின் கால்கள் பொடியாக உதிர்ந்தன.

ஒயரிங்தான் ஏமாற்றியது. மல்டிமீட்டரை வைத்தால் எல்லா ஒயரும் பீப் பீப் என்றது. சரி, தப்பித்தோம் என்று புது பேட்டரியை மாட்டினால், பாய்மர உச்சி விளக்கு அகல் விளக்கு மாதிரி எரிகிறது. காசிமேட்டில் ஃபைபர் படகுகளுக்கு வயர்லெஸ் பழுது பார்க்கும் அண்ணனைக் கேட்டேன்.

"பீப்ப நம்பாத தம்பி. லைட்ட எரியவிட்டு வோல்ட்டப் பாரு. அப்பால தோல உரி."

பார்த்தேன். பேட்டரியில் 12.6, விளக்கடியில் 9.7. பீப் சோதனைக்கு மீட்டர் அனுப்புவது துளி மின்சாரம். அதற்கு ஒற்றை இழை மிச்சமிருந்தால் போதும். விளக்குக்குப் போதாதே!

தோலை உரித்தால் செம்பு கருப்பு. ஒரு சாண் வெட்டினேன், கருப்பு. இன்னொரு சாண், அதே கருப்பு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, இழைகளுக்கு நடுவே உப்புத் தண்ணீர் ஏறிப்போயிருக்கிறது. ஒன்றரை மீட்டர் தாண்டித்தான் சிவப்புச் செம்பைக் கண்ணால் பார்த்தேன். முந்தைய சொந்தக்காரர் ஒரு இணைப்பை முறுக்கி, டேப் சுற்றி, மேலே சிலிக்கான் அப்பியிருந்தார். காடி வாசனை அடிக்கும் அந்த வகை சிலிக்கானிலிருந்து வரும் அமிலமே செம்பை அரிக்கும். கீறிப் பார்த்தால் உள்ளே கோயில் செம்புப் பாத்திரம் மாதிரி பச்சைக் களிம்பு.

ஒட்டுப்போடும் ஆசையை விட்டுவிட்டு, பாய்மர ஒயரை முழுதாக உருவிப் போட்டேன். புதுசு 2.5 சதுர மில்லிமீட்டர், ஒவ்வொரு இழைக்கும் ஈயம் பூசியது. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற அதே சங்கதிதான். சாதா ஒயரைவிட விலை ஏறக்குறைய இரு மடங்கு என்பதால் வீட்டில் சொல்லவில்லை. இணைப்புகளில் சால்டரிங்கை மட்டும் நம்பாமல் லக்கை (ஒயர் முனையில் மாட்டும் உலோகக் காது) அழுத்திப் பிடித்து, உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை, அதாவது சூட்டில் சுருங்கும் குழாயை, சுருக்கினேன். சூட்டில் ஓரத்தில் பசை பிதுங்கினால் அடைந்துவிட்டது என்று அர்த்தம். என் முதல் நாலில் பிதுங்கவில்லை, வெட்டி எறிந்தேன். எல்லா ஒயரையும் இணைப்புக்கு முன் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலேற்றியிருக்கிறேன். வழிந்துவரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

நேற்று இருட்டியதும் போட்டுப் பார்த்தேன். விளக்கடியில் 12.2.

பாக்கி, அடித்தண்ணீர் பம்பின் மிதவை ஸ்விட்ச். ஏப்ரல் 15க்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் விசைப்படகெல்லாம் பழுதுக்கு வந்து நிற்கும், அண்ணனைப் பிடிக்க முடியாது. லக்கை அழுத்தும் என் கருவி வேறு அவரிடம்தான் இருக்கிறது.