ஆரல்வாய்மொழிக் காற்றுப் பருவம்: நாட்குறிப்பு

ஜூலை 6, 2024, சனி

வந்து சேர்ந்தாயிற்று. ஆற்றல், பருவநிலை, கவிதை மூன்றையும் சேர்த்து வைத்து எழுத ஒரு கவிஞருக்கு இடமும் சாப்பாடும் தருகிறோம், எந்த ஊரில் தங்குவது என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்கள். உடனே ஆரல்வாய்மொழி என்றேன். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியப்போகிற இடத்தில் இங்கே ஒரு கணவாய் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடுக்கில் நெருக்கிக்கொண்டு நுழைந்து, கிழக்கே வெட்டவெளியில் வேகமெடுத்து இறங்கும். மே மாதம் தொடங்கினால் செப்டம்பர்வரை ஓயாது. பக்கத்திலுள்ள முப்பந்தலைச் சுற்றிச் சுமார் 1,500 மெகாவாட்டுக்குக் காற்றாலைகள் நிற்பது அதனால்தான்.

மாடியில் துணி காயப்போட கிளிப் தாங்கவில்லை. சேலையைக் கொடியில் முடிச்சுப் போட்டுக் கட்டினேன்.

ஜூலை 10, புதன்

காற்றாலை ஒன்றின் அடிவாரத்தில் ஆபரேட்டர் தம்பியுடன் மதியம்வரை இருந்தேன். இந்தப் பக்கத்தில் எல்லாரும் காத்தாடி என்றுதான் சொல்கிறார்கள். பழையவை 250 கிலோவாட், மின்கம்பக் கோபுரம் போலக் கம்பிச்சட்டத்தில் நிற்பவை. புதியவை 2 மெகாவாட்டுக்கு மேல், உருளைத் தூண். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை நிறுத்தும் வேலை ஆங்காங்கே நடக்கிறது. கழற்றிய இறக்கைகள் கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்து இறுகியவை. உருக்கி மறுபடி வார்க்க முடியாது. சுத்தமான மின்சாரம் என்று எழுதும்போது அந்த இறக்கைகளையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

"காத்து ரெண்டு மடங்கானா கரண்டு எட்டு மடங்குக்கா" என்றார் தம்பி. வேகத்தின் மூன்றாம் அடுக்கு. நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் காற்றாடி வேலையைத் தொடங்கும். 25 மீட்டரைத் தொட்டால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்றுவிடும்.

இன்னொரு கணக்குதான் என்னை இரவெல்லாம் பிடித்து வைத்திருக்கிறது. வீசுகிற காற்றில் இருக்கும் ஆற்றலில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்தக் காற்றாடியாலும் எடுக்க முடியாது. ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் இதை நிறுவிச் சொல்லி நூறாண்டு ஆகிவிட்டது. முழுவதையும் எடுத்துக்கொண்டால் இறக்கைக்குப் பின்னால் காற்று அசையாமல் தேங்கிவிடும், பின்னால் வரும் காற்றுக்கு வழி இருக்காது. எடுத்தது போக மிச்சத்தோடு காற்று வெளியேறினால்தான் அடுத்த காற்று வரும். ஓர் ஊருக்குப் போய் எழுதுகிறவருக்கும் இந்த எல்லை உண்டு என்று நம்புகிறேன். இங்கே ஒருவர் சொன்ன துக்கம் முழுவதையும் என் வரிக்குள் இழுத்துக்கொள்ளக் கூடாது. இன்று எழுதிய பத்தியில் பாதியை அடித்துவிட்டேன்.

ஜூலை 11, வியாழன்

நல்ல காற்று. ஆனால் மதியத்துக்கு மேல் வரிசையாகப் பல காத்தாடிகள் நின்றுவிட்டன. பழுது இல்லையாம். மின்தொகுப்பில் தேவைக்கு மேல் மின்சாரம் சேரும்போது, அல்லது மின்பாதை தாங்காதபோது, நிறுத்தச் சொல்வார்கள். அனல்மின் நிலையத்தை ஓர் அளவுக்குக் கீழே இறக்க முடியாது, அதனால் வெட்டு காற்றுக்கு விழுகிறது. நிலக்கரி எரிய, காற்று சும்மா போகிறது. இதற்குச் சேமிப்பு வேண்டும். ஆனைமலையில் காடம்பாறை நிலையம், 400 மெகாவாட், மிஞ்சிய மின்சாரத்தால் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி வைத்துத் தேவைப்படும்போது இறக்குகிறது. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று கட்டுகிறார்கள். இப்படி இன்னும் பல வேண்டும், சீக்கிரம் வேண்டும்.

ஜூலை 17, புதன், ஆடி 1

ஆடு மேய்க்கும் பாட்டி ஒருவர் காத்தாடி நிழலில் உட்கார்ந்திருந்தார். நிழல் சுற்றிச் சுற்றி அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. இங்கே யாருக்கெல்லாம் நிலம் இருந்தது, யார் எப்போது விற்றார்கள் என்று வரிசையாகச் சொன்னார். "அன்னைக்கு அது நல்ல ரூவாதான் மக்ளே. இன்னைக்கு வேலிக்குள்ள ஆடு போனா சத்தம் போடுதாவ."

1990களில் காற்றாலையில் போட்ட பணத்தை முதல் வருடமே நூறு சதவீதத் தேய்மானமாகக் காட்டி வரிச்சலுகை பெற முடிந்தது. நூற்பாலைகள் போட்டி போட்டுக்கொண்டு வந்து நிறுத்தின. இங்கே சுழல்வது எங்கோ நூல் சுற்றுகிறது. புகையில்லாத ஆற்றல்தான். நான் அதன் பக்கம்தான். ஆனால் பாட்டியின் வேலியைக் கவிதைக்கு வெளியே நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் நிற்க எனக்கு மனமில்லை.

புறநானூற்றுப் புலவர் வெண்ணிக்குயத்தியார் நினைவுக்கு வந்தார். காற்றை ஏவல் கொண்டு கப்பலோட்டியவனின் வழித்தோன்றலே என்று கரிகாலனை அழைத்துத் தொடங்குகிறார். காற்றின் ஆற்றலைப் பாடிய அவ்வளவு பழைய குரல்! வென்றவனை வாழ்த்திவிட்டுப் பாட்டை முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. வெண்ணிப் போரில் தோற்று, முதுகுப் புண்ணுக்கு நாணி, வடக்கு நோக்கி உண்ணாமலிருந்து உயிர்விட்டவன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று வென்றவன் முகத்துக்கு நேரே கேட்கிறார். எட்டே அடிதான் பாட்டு. ஆற்றலைப் பற்றி எழுத இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

முதல் ஆடிச் செவ்வாய். முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் நிற்க இடமில்லை. நெடுஞ்சாலையில் போகிற லாரிகள் நின்று கும்பிட்டுவிட்டுப் போகின்றன.

பொங்கல் வைக்க வந்திருந்த ஓர் அக்கா கடற்கரைப் பக்கத்துக்காரர். காத்தாடி பற்றி எழுதுகிறேன் என்றதும் ஒக்கிப் புயலைப் பற்றிப் பேசத் தொடங்கினார். 2017 நவம்பர் 29-ல் தாழ்வு மண்டலம், மறுநாளே புயல். ஆழ்கடலுக்குப் போன மீனவர்கள் அதற்கு முன்பே போய்விட்டிருந்தார்கள். கடல் சூடாகச் சூடாகப் புயல்கள் இப்படிச் சட்டென்று வலுப்பது கூடிவருகிறது. நிலக்கரியைக் குறைக்க இந்தக் காத்தாடிகள் எவ்வளவு அவசியம் என்பதை, ஒரு புள்ளிவிவரமும் இல்லாமல், அந்த அக்கா தன் தம்பி போன நாளைச் சொல்லிப் புரியவைத்தார். அவர் சொன்னதை இங்கே எழுதவில்லை.

கவிதைக்கு இரண்டு பாகம் என்று முடிவாகிவிட்டது. கணவாய், அப்புறம் கடல். முதல் பாகத்தை ஆபரேட்டர் தம்பியிடம் வாசிக்கக் கொடுத்திருக்கிறேன். கணக்கில் தப்பு இருந்தால் சொல்வதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை கடற்கரை ஊர்களான சின்னத்துறைக்கும் வள்ளவிளைக்கும் போகிறேன். அந்த அக்கா கூட வருகிறார்.