செம்பருத்தியைக் கத்தரிக்கத் தயங்காதீர்கள்

செம்பருத்திப் பூவை ஒருமுறை கண்ணருகே வைத்துப் பாருங்கள். நடுவிலிருந்து நீளும் தண்டு ஒற்றை உறுப்பு அல்ல. மகரந்தத் தாள்கள் ஒன்றாக இணைந்து உருவான குழல் அது. சூல்தண்டு அதற்குள்ளேயே ஊடுருவி வந்து, நுனியில் வெல்வெட் போன்ற ஐந்து சூல்முடிகளாக விரிகிறது. பருத்தி, வெண்டை, பூவரசு எல்லாமே இதன் குடும்பம்தான்; வெண்டைப் பூவைப் பார்த்தால் உறவு உடனே புரிந்துவிடும். அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத் தாள்கள் பலவும் இதழ்களாகவே மாறியிருக்கும். எனக்கென்னவோ ஒற்றை அடுக்குதான் அழகு.

பெரும்பாலான வகைகளில் பூ ஒரே நாளில் வாடிவிடும். அதனால் புது மொட்டுகள் வந்துகொண்டே இருக்க வேண்டும். அவை புதுத் துளிரில்தான் வரும். கிளையை வெட்ட மனம் வராமல் செடியை உயரமாக வளரவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. வெட்டுங்கள், தாராளமாகத் துளிர்க்கும். வெட்டியதையும் வீணாக்க வேண்டாம். பென்சில் பருமனுள்ள கிளையைக் கணுவுக்குக் கீழே நறுக்கி, அடி இலைகளை நீக்கி, ஈர மணலில் ஊன்றி நிழலில் வையுங்கள். சில வாரங்களில் வேர் பிடித்துவிடும்.

நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் அவசியம். தழைச்சத்து மிகுந்தால் இலைதான் செழிக்கும், பூ குறையும்.

எறும்பு ஊர்ந்தால் இலையின் அடியில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள், பிறகு மாலையில் வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளியுங்கள்.