முதலில் ஊராட்சி ஆபீஸ், அப்புறம் கலெக்டர் ஆபீஸ்

கோடை லீவு நெருங்கினால் போதும், "அக்கா, கலெக்டர் ஆபீஸில் இன்டர்ன்ஷிப் கிடைக்குமா?" என்று ஜூனியர்கள் ஆரம்பித்துவிடுகிறார்கள். வேலூர் கலெக்டர் ஆபீஸ் இருக்கும் சத்துவாச்சாரிக்குப் போவதில் தப்பில்லை. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் உட்கார்ந்தால் பட்டா, உதவித்தொகை, பாதைத் தகராறு என்று எது எந்தத் துறைக்குப் போகும் என்பது பிடிபடும். ஆனால் மனு அங்கே வரும்போது பாதிக் கதை முடிந்திருக்கும். முதல் பாதியைப் பார்க்க ஊராட்சிக்குத்தான் போகணும்.

நான் போனது குடியாத்தம் பக்கம் ஒரு ஊராட்சிக்கு. வீட்டு வரி ரசீது, குடிநீர்க் கட்டணம், இதுதான் தினப்படி வேலை. மே 1 கிராம சபையில் தீர்மான நோட்டைக் கையில் கொடுத்து, கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். 500க்கு மேல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். அதனால் எல்லாருக்கும் கண் அந்த எண்ணிக்கை மேல்தான். ஒரு பாட்டி நோட்டைத் தொடவே இல்லை. "பாப்பா, இன்னா எழுதியிருக்குதுன்னு படி. அப்பறமா கைநாட்டு வைக்கிறேன்." படித்தேன். அவர் தெருக் கால்வாய் அதில் இல்லை. செயலர் முனகிக்கொண்டே ஒரு வரி சேர்த்தார், பாட்டி கட்டைவிரலை நீட்டினார். கிராம சபை பற்றிச் சொல்லும் அரசமைப்புச் சட்டத்தின் 243ஏ பிரிவை வகுப்பில் மனப்பாடம் செய்தவள் நான். அது நடப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இன்னொன்றும் அங்கேதான் தெளிவானது. பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரில் ஊராட்சித் தேர்தல் முடிந்துவிட, நமக்கு ஏன் 2021 அக்டோபர்? அந்த 2019இல்தான் வேலூர் மூன்று மாவட்டமானது. இப்படிப் பிரிக்கப்பட்டதில் வார்டு மறுவரையறை, அதாவது வார்டு எல்லைகளைத் திருத்தும் வேலை, முடியாமல் நம்மையும் சேர்த்து ஒன்பது மாவட்டங்கள் காத்திருந்தன.

தொண்டு நிறுவனம் பக்கம் போக நினைப்பவர்கள் 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படித்துவிட்டுப் போங்கள். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்ததற்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு அது. மாசுபடுத்தியவரே ஈடு கட்டணும் என்ற கொள்கையை மற்ற மாநில மாணவர்கள் புத்தகத்தில் படிக்கிறார்கள். நமக்கு ராணிப்பேட்டை பஸ் ஏறினால் போதும்.

காலேஜ் துறைத் தலைவர் கையெழுத்தோடு கடிதம் வாங்கி நேராக பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸுக்குப் போங்கள். பணம் எதிர்பார்க்காதீர்கள். சர்டிஃபிகேட் விஷயத்தை முதல் வாரமே பேசிவிடுங்கள். கடைசி நாளில் போனால் ஐயா கேம்ப் போயிருப்பார்.