டெரி நகரத்து ஹாலோவீன்

அக்டோபர் 31 அன்று டெரி நகரத்தில் வேடம் போடாமல் நடப்பவர்தான் கூட்டத்தில் தனியாகத் தெரிவார். பேருந்தில் சூனியக்காரி ஒருவர் மடியில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்தார். கைக்குழந்தைக்கு வௌவால் இறக்கை, தள்ளுவண்டியில் சிலந்தி வலை. வட அயர்லாந்தின் இந்தச் சின்ன ஊரை, 2015இல் யூ.எஸ்.ஏ. டுடே வாசகர்கள் உலகிலேயே சிறந்த ஹாலோவீன் தலமாகத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே போன பிறகு எனக்கு அதில் மறுபேச்சில்லை.

ஹாலோவீன் என்றதும் நமக்கு அமெரிக்காதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் இதன் வேர் அயர்லாந்தில் இருக்கிறது. அறுவடை முடிந்து, மாடுகளை மேய்ச்சல் மேட்டிலிருந்து தொழுவத்துக்கு ஓட்டிவரும் காலத்தில் வரும் சௌவின் என்ற, அயர்லாந்தின் பண்டைய கெல்டிக் மக்களின் திருநாள்தான் ஹாலோவீனாக மாறியது. ஆண்டின் இருட்டுப் பாதி அன்றிரவு தொடங்குகிறது. இறந்தவர்கள் தங்கள் வீட்டைத் தேடி வருவார்கள் என்பது நம்பிக்கை. கதவைத் தாழிடாமல், கணப்பு நெருப்பை அணைக்காமல், அவர்களுக்கென்று ஒரு நாற்காலியும் போட்டு வைத்திருக்கிறார்கள். மகாளய அமாவாசைக்கு இலை போட்டுக் காத்திருக்கும் வீட்டில் வளர்ந்தவள் நான்; இதை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த இரவில் வேண்டாத ஆவிகளும் கூடவே வரும், அவற்றுக்கு நம்மை அடையாளம் தெரியக் கூடாது. அதற்காகத்தான் முகத்தில் கரி பூசினார்கள், வைக்கோலால் முகமூடி செய்தார்கள்.

பரங்கிக்காயை முகம்போல் குடைந்து ஏற்றும் விளக்கு பிற்காலத்தில் வந்தது. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். போன இடத்தில் பரங்கிக்காய் பெரிதாகவும் குடைய எளிதாகவும் இருந்தது. ஊரில் இருந்தவரை அவர்கள் குடைந்தது டர்னிப் கிழங்கை. மேயோ மாவட்டத்தில் காசில்பார் அருகே டர்லோ பார்க்கில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு டர்னிப் முகத்தின் வார்ப்பைப் பார்த்தேன். டொனிகால் மாவட்டத்து ஃபின்டவுனிலிருந்து வந்தது. கண் இரண்டு குழி, வாயில் கோணல் பற்கள், தோல் முழுக்கச் சுருக்கம். ஏதோ ஒரு கிழவனை மண்ணிலிருந்து தோண்டி எடுத்ததுபோல் இருந்தது. கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் பேய்கள் எதுவும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றிருந்த சிறுமி அப்பாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

டெரியில் நான் தங்கிய வீட்டு அம்மாவிடம் இதைச் சொன்னேன். "நாளைக்கு நீயே ஒன்று செய்" என்று ஒரு டர்னிப்பையும் கனமான தேக்கரண்டியையும் கையில் கொடுத்துவிட்டார். மேல்பகுதியைச் சீவி எடுப்பதற்குள்ளேயே மணிக்கட்டு வலித்தது. உள்ளே மரக்கட்டைதான்; கரண்டியின் நுனியால் கீறிக் கீறி, துகள் துகளாகத்தான் வரும். மெழுகுவத்தி ஏற்றி மூடியை வைத்ததும், கிழங்கு கருகும் வாடை சமையலறை முழுக்கப் பரவியது. அந்த அம்மா கண்ணை மூடி மூச்சை இழுத்தார். சின்ன வயதில் அக்டோபர் என்றால் இந்த வாடைதான் என்றார். தெருப் பிள்ளைகள் சேர்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே வீடு வீடாகப் போவார்களாம். கிடைப்பது ஆப்பிள், சில்லறை, தோலோடு வறுத்த நிலக்கடலை. நிலக்கடலை இன்றைக்கும் உண்டு. அவர் வாசலில் ஒரு கூடை நிறைய வைத்திருந்தார்.

சாயங்காலத் தேநீரோடு பார்ம்பிராக் வந்தது. உலர்ந்த திராட்சை போட்ட இனிப்பு ரொட்டி. மாவுக்குள் முன்பெல்லாம் மோதிரம், காசு, கந்தல் துணி, குச்சி, பட்டாணி எல்லாம் ஒளித்து வைப்பார்கள். மோதிரம் கிடைத்தவருக்குக் கல்யாணம், காசு கிடைத்தால் செல்வம், கந்தல் கிடைத்தால் வறுமை. இப்போது கடை ரொட்டியில் பெரும்பாலும் மோதிரம் மட்டும்தான், காகிதத்தில் சுற்றி இருக்கும். அது வந்தது அந்த அம்மாவின் ரொட்டித் துண்டில். எழுபதைத் தாண்டியவர். மோதிரத்தைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு வெட்கப்பட்டார்.

டெரியின் கொண்டாட்டம் இவ்வளவு பெரிதானதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். 1980களின் நடுவில், வட அயர்லாந்தில் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்டு தரப்புகள் மோதிக்கொண்டிருந்த கலவரக் காலம். ஒரு மதுக்கூடத்தில் மாறுவேடப் போட்டி நடந்துகொண்டிருந்தபோது வெடிகுண்டு மிரட்டல் வந்தது. எல்லோரையும் வெளியேற்றினார்கள். வேடத்தோடு வெளியே வந்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை, தெருவிலேயே ஆடிப்பாடினார்கள். அடுத்த ஆண்டிலிருந்து ஊரே வேடம் போட ஆரம்பித்துவிட்டது.

இந்தக் கதையின் கனம் நகரத்துக் கோட்டைச் சுவர்மேல் நடந்தபோதுதான் எனக்கு உறைத்தது. 1613க்கும் 1618க்கும் இடையில் கட்டிய சுவர், சுற்றளவு ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். மேலிருந்து பார்த்தால் கீழே பாக்சைடு என்ற குடியிருப்புப் பகுதி. 1972 ஜனவரி 30 அன்று சிவில் உரிமைப் பேரணியில் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டு அன்றே 13 பேர் இறந்தது அங்கேதான். பெயரைக் கேட்டு, படித்த பள்ளியைக் கேட்டு, இவர் கத்தோலிக்கரா புராட்டஸ்டன்டா என்று ஆளை எடைபோட்ட ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு இரவு மட்டும் யார் யாரென்று தெரியாமல் எல்லோரும் ஒரே தெருவில் நிற்க முடிந்திருக்கிறது. பேயை ஏமாற்றப் போட்ட முகமூடி மனிதர்களுக்குத்தான் அதிகம் உதவியிருக்கிறது என்று நினைக்கிறேன். வேறெந்த ஊர் ஹாலோவீனையும்விட இது எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.

ஐந்தரை மணிக்கே இருட்டிவிட்டது. சுவர் நெடுக விளக்குகள், புகை, பறை போன்ற முழக்கம், கால்களில் கட்டை கட்டி நடக்கும் உருவங்கள். ஊர்வலம் முடிந்ததும் கூட்டம் ஃபாய்ல் ஆற்றங்கரைக்கு நகர்ந்தது. 2011இல் திறந்த அமைதிப் பாலம் ஆற்றின் இரு கரையையும், அதாவது பெரும்பாலும் கத்தோலிக்கர்கள் வாழும் கரையையும் புராட்டஸ்டன்டுகள் அதிகம் வாழும் கரையையும் இணைக்கிறது. வாணவேடிக்கை ஆற்றுக்கு மேலே வெடித்தபோது என் பக்கத்தில் இருந்த மம்மி வேடக்காரர், சுற்றியிருந்த துணியை அவிழ்த்துத் தன் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: தங்குமிடத்தைப் பல மாதம் முன்பே பிடித்துவிடுங்கள், அந்த வாரம் அறை கிடைப்பது கடினம். டப்ளினிலிருந்து பேருந்தில் சுமார் நான்கு மணி நேரம். பெல்ஃபாஸ்ட் வழியாக ரயிலில் வந்தால் கோல்ரெய்னுக்குப் பிறகு கடலோரமாகவே போகும், பகலில் வாருங்கள். டெரி இருப்பது பிரிட்டன் ஆட்சிப் பகுதியில், டப்ளின் அயர்லாந்துக் குடியரசில். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் விசாவில் பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டக் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு விசா வாங்க வேண்டும். கம்பளி உடைக்கு மேலே போடும்படியான வேடமாக எடுத்துப் போங்கள், ஆற்றங்காற்று எலும்பைத் துளைக்கும்.